கொலராடோ திருத்திய தேதி

அமெரிக்காவில் கொலம்பஸ் தினம் பிறந்த கதையில் கொலம்பஸுக்குப் பங்கு மிகக் குறைவு. 1492 அக்டோபர் 12 அன்று அவர் இறங்கியது பஹாமாஸ் தீவு ஒன்றில். இன்றைய அமெரிக்காவின் பெருநிலத்தில் அவர் கால் வைத்ததே இல்லை. அந்த விடுமுறையின் வேர் நியூ ஆர்லியன்ஸ் நகரச் சிறைவாசலில் கிடக்கிறது.

1890-இல் அந்நகரின் காவல்துறைத் தலைவர் டேவிட் ஹென்னஸி சுட்டுக் கொல்லப்பட்டார். பழி இத்தாலியர்கள் தலையில் விழுந்தது. வழக்கு நடந்தது, ஒருவரைக்கூட ஜூரிகள் குற்றவாளி என்று சொல்லவில்லை. மறுநாள், 1891 மார்ச் 14 அன்று, பெருங்கூட்டமொன்று சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியர்களைக் கொன்றது. அவர்களில் சிலர் விசாரணைக் கூண்டில்கூட ஏறாதவர்கள். இத்தாலி தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

அடுத்த ஆண்டு, கொலம்பஸ் வந்த 400-ஆம் ஆண்டை நாடே கொண்டாட வேண்டுமென அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் அறிவித்தார். புண்பட்டிருந்த இத்தாலியர்களுக்கு அது பிடிகொம்பாயிற்று. நியூயார்க்கில் அவர்களே காசு சேர்த்துக் கொலம்பஸுக்குச் சிலை வைத்தார்கள். இத்தாலியின் ஜெனோவாவில் பிறந்த கொலம்பஸ் இந்நாட்டுக்கு வழி திறந்தார் என்றால், அவர் இனத்தாரை அந்நியர் என்று எப்படித் துரத்துவது? நியாயமான வாதம்தான். கொலராடோவின் டென்வரில் இத்தாலியப் பத்திரிகை நடத்திய ஏஞ்சலோ நோச்சே விடாமல் மன்றாடியதால், 1907-இல் கொலராடோ இந்த நாளைச் சட்டப்படி விடுமுறையாக்கிய முதல் மாநிலமானது. 1934-இல் அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் நாடு முழுவதற்குமான நாளானது. 1971 முதல் அக்டோபரின் இரண்டாம் திங்கள்.

இத்தாலியர்களின் அந்த வாதத்தில் டைனோ மக்களுக்கு இடமே இல்லை. கொலம்பஸை எதிர்கொண்ட அந்தத் தீவுவாசிகளில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் 1495-இல் அடிமைகளாக ஸ்பெயினுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பலர் கடலிலேயே மாண்டார்கள். அதை மறக்காத தொல்குடி இயக்கத்தினர் டென்வர் வீதியில் இறங்கினார்கள். 1992-இல், 500-ஆம் ஆண்டு ஊர்வலம் அவர்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம் அந்த நாளைத் தொல்குடி மக்கள் தினமாகக் கொண்டாடியது.

இன்றைய கொலராடோ செய்திருப்பது என் மனதுக்கு மிக நெருக்கமானது. 2020 மார்ச்சில், நாடெங்கும் கொலம்பஸ் சிலைகள் சாய்ந்த அந்தக் கோடைக்கு முன்பே, அம்மாநிலம் தான் தொடங்கிவைத்த விடுமுறையைத் தானே நீக்கியது. அந்த இடத்தில் வந்தவர் அன்னை ஃபிரான்செஸ் கப்ரினி. இவரும் இத்தாலியிலிருந்து வந்தவர்தான்; டென்வரில் இத்தாலியக் குழந்தைகளுக்குப் பள்ளியும் அநாதை இல்லமும் நடத்தியவர். 1891-இல் அடிபட்ட சமூகத்தின் பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும் தந்தவரைக் கொண்டாட, எந்தத் தொல்குடியின் துயரத்தையும் மறைக்க வேண்டியதில்லை. நோச்சே கேட்ட மரியாதை இப்படியும் கிடைத்திருக்கும். கிடைக்க 113 ஆண்டுகள் ஆயின.

கப்ரினி தினம் அக்டோபரின் முதல் திங்கள். ஒரு வாரம் கழித்து, டென்வரின் அஞ்சல் நிலையங்கள் கொலம்பஸ் பெயரில் மூடப்படுகின்றன; மத்திய அரசின் சட்டம் இன்னும் மாறவில்லை.