செத்த பாக்டீரியாவும் காய்ச்சல் தருவது ஏன்?

காலராக் கிருமிகளைச் சூடேற்றிக் கொன்ற பிறகும், அவற்றை ஊசியில் ஏற்றிய கினிப்பன்றிகள் மடிந்தன. 1892-ல் பெர்லினில், ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஃபைஃபர் கண்டது இது. கிருமி வெளியே சுரக்காமல் தன் உடலோடு வைத்திருக்கும் இந்த நஞ்சுக்கு 'எண்டோடாக்சின்' என்று பெயர் வந்தது.

எங்கே இருக்கிறது?

இ.கோலி, சால்மோனெல்லா போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் கொழுப்பும் சர்க்கரையும் பிணைந்த மூலக்கூறுகள் நிறைந்திருக்கின்றன. அவற்றின் 'லிப்பிட் ஏ' என்ற கொழுப்புப் பகுதிதான் நஞ்சு. பாக்டீரியா சிதையும்போது அது ரத்தத்தில் கலக்கிறது.

செல்லை என்ன செய்கிறது?

ரத்தத்திலுள்ள ஒரு புரதம் இந்த மூலக்கூறைப் பிடித்து, மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கு செல்லிடம் சேர்க்கிறது. செல்லின் மேலுள்ள டிஎல்ஆர்-4 என்ற உணர்வேற்பி அதை அடையாளம் கண்டதும் உட்கருவுக்கு ஆணை போகிறது. டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகிய புரதங்கள் வெளியேறி மூளையைத் தூண்ட, காய்ச்சல் வருகிறது.

இந்தப் புரதங்களின் அளவு மீறினால் ரத்தக்குழாய்ச் சுவரின் செல்கள் நெகிழ்ந்து நீர் கசியும். ரத்த அழுத்தம் சரியும். நுண்குழாய்களில் ரத்தம் உறையும். சிறுநீரகமும் நுரையீரலும் செயலிழக்கும். நஞ்சு செல்லுக்குள்ளேயே புகுந்தால், செல் தன் சவ்வில் தானே துளையிட்டு வெடித்துச் சாகிறது. ஆக, கொல்வது நஞ்சு நேரடியாக அல்ல, அதற்கு உடல் காட்டும் எதிர்வினைதான்.

எலிகள் தந்த சான்று

சி3எச்/ஹெச்இஜே என்ற எலி இனத்தை எண்டோடாக்சின் ஒன்றும் செய்வதில்லை. அதன் டிஎல்ஆர்-4 மரபணு பழுதானது என்பதை 1998-ல் புரூஸ் பாய்ட்லர் குழு கண்டறிந்தது. 2011-ல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் இதே எலிகள் சால்மோனெல்லா தொற்றினால் எளிதில் இறந்துவிடுகின்றன. நஞ்சை உணராத உடலுக்குக் கிருமியை எதிர்க்கவும் தெரிவதில்லை. மனிதர்களிலும், டிஎல்ஆர்-4-ஐ அடைக்கும் எரிடோரான் மருந்து செப்சிஸ் (தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுமீறிய எதிர்வினை) மரணங்களைக் குறைக்கவில்லை.

தடுப்பதே வழி

எனவே ஊசி மருந்தில் இந்த நஞ்சு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் பாக்டீரியா சாகும், எண்டோடாக்சின் அழியாது. கண்ணாடிக் குப்பிகளை 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்து அதை அழிக்கிறார்கள். மருந்தையே அப்படிச் சூடேற்ற முடியாது. அதனால் குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பொருளால் சோதிக்கிறார்கள். நஞ்சிருந்தால் அது உறையும். சிரையில் ஏற்றும் மருந்துக்குப் பொதுவான வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 5 எண்டோடாக்சின் அலகுகள். கிருமி நீக்கிய மருந்து என்பது மட்டும் போதாது. இந்தச் சோதனையிலும் தேறினால்தான் அது நோயாளியின் சிரைக்குள் போகத் தகுதியானது.