ஒரே தீவில் வாழும் நீலப் பறவை

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வென்ச்சுரா என்றொரு கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கே படகு ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் சாந்தா குரூஸ் தீவுக்குப் போய்விடலாம். தீவின் மலைப்பாதையில் நடக்கும்போது கரகரவென்று ஒரு குரல் கேட்டால் அப்படியே நின்றுவிடுங்கள். குரல் வந்த திசையில் ஓக் மரக்கிளைகளை உற்றுப் பாருங்கள். பளிச்சென்ற நீலத் தலை, நீல வால், பழுப்பு முதுகு, வெள்ளைத் தொண்டை... இத்தனையும் தெரிகிறதா? அதுதான் ஐலண்ட் ஸ்க்ரப் ஜே! உலகில் வேறு எங்கும் இதைப் பார்க்க முடியாது.

ஏன் அங்கே மட்டும்? இதன் உறவுக்காரப் பறவைகள் எதிர்க்கரையில் நிறையவே இருக்கின்றன. ஆனால் நடுவில் சுமார் 30 கி.மீ. கடல். இந்தப் பறவை கடல் தாண்டிப் பறப்பதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனித்து வாழ்ந்ததால், தலைமுறை தலைமுறையாக மாறித் தனி இனமாகிவிட்டது. கரையில் இருக்கும் உறவுகளைவிட இது உருவத்தில் பெரியது, நீலமும் அடர்த்தி.

தீவுக்குள்ளேயும் ஒரு விந்தை உண்டு. ஓக் காட்டில் வாழும் ஜேக்களுக்கு அலகு குட்டை, கனம் அதிகம். கெட்டியான ஓக் கொட்டையை உடைக்க அது வசதி. பைன் காட்டில் வாழ்பவற்றுக்கோ நீண்டு மெலிந்த அலகு. பைன் கூம்பின் செதில்களுக்கு நடுவே இடுக்கி போல நுழைத்து விதையை எடுத்துவிடும். இரண்டு காடுகளுக்கும் நடுவே கடலும் இல்லை, தடையும் இல்லை. நினைத்தால் பறந்து போய்விடலாம். அப்படியிருந்தும் அலகு மாறியிருப்பதுதான் விஞ்ஞானிகளை வியக்க வைத்தது.

இலையுதிர் காலத்தில் இவை ஓக் கொட்டைகளை ஆயிரக்கணக்கில் மண்ணில் புதைத்து வைக்கும், பிறகு எடுத்துத் தின்ன. எடுக்காமல் விட்டவற்றில் சில முளைத்து மரமாகும். முன்பு ஆடுகளும் பன்றிகளும் மேய்ந்து அழித்த காடு, அவற்றை அகற்றிய பிறகு மீண்டும் வளர்கிறது. அதில் இந்த நீலத் தோட்டக்காரருக்கும் பங்கு உண்டு.

ஜே, காக்கைக் குடும்பத்துப் பறவை. நம் ஊர்க் காகத்துக்கும் ஒளித்து வைக்கும் பழக்கம் உண்டு. மொட்டைமாடியில் சோறு வைத்துவிட்டுத் தள்ளி நின்று கவனியுங்கள். உடனே தின்கிறதா, எங்காவது கொண்டுபோய்ச் செருகுகிறதா? மற்றொரு காகம் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்கிறது? பார்த்ததையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள்.