மண் சரிந்து காயமுற்றோர்க்குச் சட்டம் காட்டும் வழிகள்

தறிக்குழியில் அமர்ந்து நெய்பவருக்கும், கிணறு வெட்டிப் பயிர் செய்பவருக்கும் மண்ணின் குணம் புதிதன்று. ஆயினும், நெசவு மந்தமான மாதங்களிலும், வாய்க்காலில் தண்ணீர் வராத பருவங்களிலும், நம் உடுமலை வட்டாரத்து அங்கத்தினர் குடும்பங்களைச் சேர்ந்தோர் கடைக்கால் தோண்டவும் குழாய்ப் பள்ளம் பறிக்கவும் கோவை, திருப்பூர் முதலிய ஊர்களுக்குச் செல்கின்றனர். அவ்வேலையில் மண் சரிந்து ஒருவர் ஊனமுற்றாலோ, உயிர் துறந்தாலோ அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் உள்ள உரிமைகள் யாவை என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் அவசியம்.

இந்த அபாயம் கற்பனையன்று. 2022 ஜூன் மாதம் மதுரை விளாங்குடியில் பாதாளச் சாக்கடைப் பள்ளம் சரிந்து, ஈரோடு மாவட்டத்துத் தொழிலாளி ஒருவர் மாண்டார். அவரை மீட்க முயன்ற மண்வாரி இயந்திரத்தால் அவர் தலை துண்டிக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 7-ஆம் நாள் உதகையை அடுத்த லவ்டேலில், தடுப்புச் சுவர் எழுப்பும் வேலையில் இருந்த பெண் தொழிலாளர் அறுவர், மேலிருந்த பழைய கட்டடமும் மண்ணும் சரிந்ததால் உயிரிழந்தனர். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஏறக்குறைய ஒன்றரை டன். மார்பளவு புதைந்தவர்கூட மூச்சு விட இயலாமல் இறக்க நேரிடும்.

இவை விதியின் செயல் என்று கூறித் தப்ப இயலாது. மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதிகளின்படி, 1.5 மீட்டரோ அதற்கு மேலோ ஆழமுள்ள பள்ளத்தின் பக்கங்களைச் சரிவாகவோ படியாகவோ வெட்டவேண்டும். அல்லது பலகை அடைத்து முட்டுக் கொடுக்கவேண்டும். தோண்டிய மண்ணைக் கரையிலிருந்து 1.5 மீட்டர், அல்லது பள்ளத்தின் ஆழத்தில் பாதி, இவற்றுள் எது அதிகமோ அத்தூரத்துக்கு அப்பால் கொட்டவேண்டும். ஏறி வர ஏணியும் இருத்தல் வேண்டும்.

விபத்து நேர்ந்தபின் உள்ள முதல் வழி நஷ்டஈடு. இதற்கென 1923-இல் இயற்றப்பட்ட சட்டம் 1924 ஜூலை முதல் நடைமுறையில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்துள்ளது. முதலாளியின் குற்றத்தை நிரூபிக்கவேண்டிய அவசியமில்லை என்பதே இவ்வகைச் சட்டத்தின் சிறப்பு. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நேர்ந்தது என்று காட்டினால் போதும். தொழிலாளி சற்றுக் கவனக் குறைவாக இருந்தார் என்பதும் தடையாகாது. மது அருந்தியிருந்தார், பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினார் என்பன போன்ற ஆட்சேபங்களும், மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தவிடத்துச் செல்லா. எவ்வகை வேலைகள் சட்டத்தில் அடங்கும் என்பது அதன் அட்டவணையில் கூறப்பட்டுள்ளது.

தொகையைக் கணக்கிடும் முறை எளிது. மரணத்துக்கு மாதக் கூலியில் பாதியையும், நிரந்தர முழு ஊனத்துக்கு நூற்றுக்கு அறுபது பங்கையும் எடுத்து, வயதுக்குரிய காரணியால் பெருக்கவேண்டும். நாற்பது வயதுக்குக் காரணி 184.17. மாதம் ரூ.12,000 கூலி பெற்ற நாற்பது வயதினர் இறந்தால் 6,000-ஐ 184.17-ஆல் பெருக்க, ரூ.11,05,020 கிடைக்கும். தாற்காலிக ஊனமாயின், அரைமாதத்துக்கு ஒருமுறை மாதக் கூலியில் கால் பங்கு தரவேண்டும். வைத்தியச் செலவும் முதலாளியைச் சேர்ந்ததே.

இங்கேதான் நம் மக்கள் பெரிதும் ஏமாறுகின்றனர். ஆஸ்பத்திரி வாசலிலேயே மேஸ்திரியோ கண்டிராக்டரோ ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கொடுத்து, முத்திரைத்தாளில் கையொப்பம் வாங்கிவிடுவதுண்டு. துயரத்தில் இருக்கும் குடும்பம் அதுவே முடிவென்று எண்ணிவிடுகிறது. சட்டமோ அவ்வாறு கருதவில்லை. மரணம் நேர்ந்தால், நஷ்டஈட்டை அதிகாரியிடம் செலுத்துவதே முறையான செலுத்துகை. குடும்பத்தாரிடம் நேரில் கொடுத்தது முன்பணத்துக்குரிய சிறு வரம்பைத் தவிரக் கணக்கில் சேராது. நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தமும் செல்லாது. ஆகவே, அவசரச் செலவுக்கு முன்பணம் பெறலாம். ஆனால் ‘முழுத் தீர்வு’ என்று எழுதிய தாளில் கையொப்பமிடலாகாது.

கண்டிராக்டர் கையை விரித்தால், எவருடைய தொழிலுக்காக வேலை நடந்ததோ அந்த முதன்மை முதலாளியிடம் கோரலாம். அவர் பின்னர்க் கண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்வார். கோரிக்கையை விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யவேண்டும். விபத்து நேர்ந்த இடத்தில் மட்டுமன்றி, மனுதாரர் குடியிருக்கும் இடத்து அதிகாரியிடமும் மனுச் செய்யலாம். விவரங்களைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு, கூலிக் கணக்கு, உடன் வேலை செய்தோரின் பெயர் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக. உரிய காலத்தில் பணம் தராத முதலாளி வட்டியும், தக்க காரணமின்றித் தாமதித்தால் பாக்கியில் பாதி வரை அபராதமும் செலுத்த நேரிடும். வழக்கறிஞர் வைக்க வசதியற்றோர்க்குச் சட்டப் பணிகள் குழு இலவசமாக உதவுகிறது.

வேறு வழிகளும் உள. தொழிலாளர் அரசு காப்பீட்டில் சேர்ந்தவர் இந்த நஷ்டஈட்டுக்குப் பதிலாக அக்கழகத்தின் வழியே உதவி பெறுவார். அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் பாரதிய நியாய சம்ஹிதையின் 106-ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஆனால் போலீஸ் வழக்கு தண்டனைக்கானது. நஷ்டஈட்டு மனுவைத் தனியே செய்தல் வேண்டும். சிவில் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கும் தொடரலாம். எனினும் ஒரே காயத்துக்கு இரண்டிடத்தும் கோர இயலாது. 1994-இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தின் உதவியோ இவற்றினின்றும் வேறானது. நஷ்டஈடு பெறுவோரும் அதனைப் பெறலாம். கட்டுமான வேலைக்குச் செல்லும் அங்கத்தினர்கள் விபத்து வருமுன்னரே அதில் பதிவு செய்துகொள்வது விவேகம்.

இறுதியாக, நாம் வேலைக்குச் செல்பவர்கள் மட்டுமல்லர். வேலை கொடுப்பவர்களும் ஆவோம். சங்கம் கிடங்கு கட்டும்போதும், அங்கத்தினர் தோட்டத்துக்குக் குழாய் பதிக்கும்போதும் பள்ளத்துள் இறங்குபவர் ஒரு தொழிலாளியே. கண்டிராக்டரிடம் எழுதும் உடன்படிக்கையில் முட்டுக் கொடுத்தலையும், தொழிலாளர்க்கு இன்ஷூரன்ஸ் செய்தலையும் நிபந்தனைகளாகச் சேர்ப்பதெனத் தீர்மானம் நிறைவேற்றி, அதனைச் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவு செய்யுங்கள். பலகைக்கும் முட்டுக்கும் ஆகும் செலவு சொற்பம். அதனை மிச்சப்படுத்தப் போய் ஒரு குடும்பம் தன் உழைப்பாளியை இழத்தல் கூட்டுறவு நெறிக்கு அடுக்காது.