பிக்கப் வண்டியின் பூர்வோத்தரம்

சீமான்கள் ஏறிய மோட்டார் வண்டிகளுக்குச் சரித்திரம் எழுதி வைப்பதற்கு ஆட்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். எந்த ஆண்டில் எந்தத் தொழிற்சாலையில் உருவாயிற்று, யார் யார் கைக்கு மாறிற்று என்ற விவரமெல்லாம் அவற்றிற்கு ஏடு ஏடாகக் கிடைக்கும். வைக்கோலும் உரமூட்டையும் கன்றுக்குட்டியும் சுமந்து காலம் கழித்த பிக்கப் வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அமெரிக்கக் குடியானவனும் தச்சனும் குழாய் வேலைக்காரனும் அதை உழைக்க வைத்தார்களே அன்றி, அதைப் பற்றி ஒரு வரி குறித்து வைக்க வேண்டுமென்று எண்ணியதில்லை. ஆகவே, அப்படிப்பட்ட வண்டியொன்றைப் பல வருஷங்களுக்குப் பின் கொட்டகையிலிருந்து இழுத்து வந்து செப்பனிட முற்படுகிறவர், கொல்லனுடைய வேலையோடு சாஸனம் படிப்பவருடைய வேலையையும் சேர்த்தே செய்ய வேண்டியவராகிறார். அதிலும், படித்து முடித்த பிறகே சுத்தியலைக் கையில் எடுக்க வேண்டியவராகிறார்.

உதாரணமாக, செவர்லே ஸ்தாபனத்தார் 1947ஆம் ஆண்டுக் கோடையில் வெளியிட்ட ‘அட்வான்ஸ் டிசைன்’ வரிசையை எடுத்துக்கொள்வோம். அவ்வரிசையில் அரை டன் பாரத்திற்கென்று அமைந்த 3100 என்னும் வண்டியைச் செப்பனிடுவோர் இன்று மிகுதியாக நாடுகிறார்கள். அதன் முன்னோரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆதியில் தொழிற்சாலைகள் சட்டத்தையும் யந்திரத்தையும் மட்டுமே பெரும்பாலும் விற்றன. சாமான் ஏற்றும் பெட்டியை வாங்கியவரே உள்ளூர்த் தச்சரிடம் சொல்லிச் செய்துகொண்டார். 1925இல் ஃபோர்டு ஸ்தாபனம் தன் மாடல் டி வண்டியில் எஃகுப் பெட்டியைத் தானே பொருத்தி 281 டாலருக்கு விற்றது. செவர்லே 1930இல் மார்ட்டின்-பாரி என்ற கூடு கட்டும் கம்பெனியின் தொழிற்சாலையை விலைக்கு வாங்கி அதே வழியில் இறங்கியது. பிறகு உலக யுத்தம் வந்து, 1942 தொடக்கத்தில் பொதுஜனங்களுக்கான வாகன உற்பத்தி நின்றது. யுத்தம் ஓய்ந்தபின் ஜெனரல் மோட்டார்ஸ் முற்றிலும் புதிதாக வகுத்து வெளியிட்ட முதல் வாகனம் கார் அன்று, இந்த லாரியே என்பதும், புது உருவச் செவர்லே கார் 1949ஆம் ஆண்டு மாடலாகத்தான் வந்தது என்பதும், அந்நாளில் அத்தேசத்தின் அவசரம் எந்தத் திசையில் இருந்தது என்பதை நன்கு புலப்படுத்தும். (அதே ஸ்தாபனம் நம் தேசத்திலும் 1928 முதல் 1954 வரை பம்பாய் ஸெவ்ரியில் வண்டிகளைப் பூட்டி விற்றது, சட்டமாக வந்த செவர்லேக்களுக்கு நம் ஊர்த் தச்சர்கள் பஸ் கூடும் லாரிப் பெட்டியும் கட்டினார்கள்.)

இனி, கொட்டகையில் நிற்கும் வண்டியிடம் வருவோம். அதன் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால், கதவு தொங்கும் தூணில் ஒரு சிறு தகடு காணப்படும். அதிலே 14 என்ற எண்ணும், பின்னர் எச், பி, சி என்ற எழுத்துக்களும், தொடர்ந்து ஒரு வரிசை எண்ணும் பொறித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 14 என்பது பால்டிமோர் தொழிற்சாலை. எச், பி ஆகிய இரண்டும் 1950ஆம் ஆண்டின் அரை டன் வண்டி. சி என்பது ஆங்கில அகரவரிசையில் மூன்றாவதாகையால் மார்ச் மாதம். வரிசை எண்களோ ஒன்றிலிருந்து அன்றி 1001இலிருந்து தொடங்கின. இவ்வளவையும் கண்டவுடன் சரித்திரம் முழுவதும் கைக்குக் கிட்டிவிட்டதென்று மகிழ்வது அவசரம். தகடு என்பது கழற்றக் கூடிய பொருள். ஒரு வண்டியின் கூடு மற்றொரு வண்டியின் சட்டத்தில் ஏறுவதும், தகடு மட்டும் இடம் மாறுவதும் பழைய வாகனங்களிடையே சர்வ சாதாரணம்.

ஆகையால் வேறு சாக்ஷிகளை விசாரிக்க வேண்டும். யந்திரத்தின் இரும்பு வார்ப்பிலேயே வார்த்த தேதி புடைப்பாக இருக்கும்: மாதத்திற்கு ஓர் எழுத்து, நாளுக்கு ஓர் எண், ஆண்டிற்குக் கடைசி இலக்கம் மட்டும். பூஜ்யம் என்று இருந்தால் அது 1940ஆகவும் இருக்கலாம், 1950ஆகவும் இருக்கலாம். அருகிலுள்ள வார்ப்பு எண்ணைக் கொண்டே இன்னது என்று தீர்மானிக்க வேண்டும். வார்த்த தேதி, வண்டி பூட்டிய மாதத்திற்குச் சில வாரங்கள் முந்தியிருந்தால் இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை என்று நம்ப இடமுண்டு. பிந்தியிருந்தால், யந்திரம் இடையில் வந்து சேர்ந்தது என்பதில் சந்தேகமே இல்லை. இது வெறும் ஆராய்ச்சி விநோதம் அன்று. அமெரிக்காவின் சில மாகாணங்களில் அந்நாளில் யந்திரத்தின் எண்ணைக் கொண்டே வண்டியைப் பதிவு செய்து வந்தமையால், யந்திரம் மாறிய வண்டியின் உரிமைப் பத்திரமும் வண்டியும் ஒன்றோடொன்று பொருந்தாமல், வாங்கினவர் அலுவலகப் படிகளில் ஏறி இறங்க நேரிடுகிறது.

உறுப்புக்களும் பேசும். 1949 முதல் பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் ஆசனத்தின் பின்னே கூட்டுக்குள் நிமிர்ந்து நிற்கும்; 1951 முதல் கதவுகளில் காற்று வரச் சாய்க்கும் சிறு முக்கோணக் கண்ணாடி உண்டு; 1952இல் கதவுக் கைப்பிடி அழுத்தும் குமிழாக மாறிற்று; 1954இல் இரண்டாகப் பிரிந்திருந்த முன் கண்ணாடி வளைந்த ஒரே கண்ணாடியாயிற்று. 1950ஆம் ஆண்டுத் தகடுடைய வண்டியில் குமிழ் வைத்த கதவு ஒரு பக்கம் மாத்திரம் இருக்குமானால், என்றோ ஒரு நாள் அந்தப் பக்கம் எதனுடனோ மோதியிருக்கிறது என்று ஊகிக்கலாம். மோதிய கதையையும் சேர்த்துத்தான் சரித்திரம் என்று நான் கருதுவேன். அந்தக் கதவை மாற்றித் ‘தூய’ 1950 வண்டியாக்கிவிடத் துடிப்பவரோடு எனக்கு ஒத்துப் போவதில்லை.

எல்லாவற்றினும் ரசமான சாக்ஷி வர்ணம். தொழிற்சாலையார் அக்காலத்தில் வேறு நிறம் கேட்காதவருக்கு அடர் பச்சையே பூசிக் கொடுத்தார்கள். அதன்மேல் இரண்டாம் உரிமையாளர் சிவப்பும், மூன்றாமவர் வீட்டுச் சுவருக்கு வாங்கி மிஞ்சிய வெள்ளையும் பூசியிருப்பார்கள். நயமான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக் கதவின் மேல் பொறுமையாகத் தேய்த்து வந்தால், படலம் படலமாக நிறங்கள் வெளிப்படுவதுண்டு. சில சமயங்களில், ஒரு பண்ணையின் பெயரோ, விதைக் கடையின் பெயரோ, மூன்று நான்கு இலக்கமே உடைய பழைய தொலைபேசி எண்ணோ, பலகை எழுதுகிறவன் கைத்திறத்தோடு மங்கலாகத் தோன்றிவிடும். அந்தப் பெயர் கிடைத்த பின் வேலை பட்டறையிலிருந்து வாசகசாலைக்கு மாறுகிறது. ஊரின் பழைய விலாசத் திரட்டு, கவுண்டிப் பதிவேடு, உள்ளூர்ப் பத்திரிகையின் விளம்பரப் பக்கம், கதவு இடுக்கில் ஒட்டியிருக்கும் எண்ணெய் மாற்றிய சீட்டு, விற்ற வியாபாரியின் சின்னம் ஆகியவற்றை இணைத்துப் பார்த்துத்தான் மேற்செல்ல வேண்டும். ஏனெனில், அமெரிக்காவில் பூட்டப்பட்ட அக்காலத்துச் செவர்லே லாரிகளுக்குத் தனித்தனியே எழுதிய தொழிற்சாலைக் குறிப்புக்கள் மிஞ்சவில்லை. கனடாவில் பூட்டப்பட்ட வண்டியாயிருந்தால், அந்நாட்டு ஜெனரல் மோட்டார்ஸ் கட்டணம் பெற்றுக்கொண்டு பழைய குறிப்பின் நகலைக் கொடுக்கிறது. முழு வண்டியையும் மணல் வீச்சுக்கு அனுப்பி ஒரே பகலில் வெள்ளிரும்பாக்கிவிடுகிறவர், இந்த ஏட்டைப் படிக்குமுன் எரித்தவராகிறார்.

யந்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 216.5 கன அங்குலக் கொள்ளளவும் 90 குதிரைத் திறனும் கொண்ட ஆறு சிலிண்டர் யந்திரம் அது. வால்வுகள் மேல்தலையில் அமைந்தவை. ஆயினும் அதன் எண்ணெய் முறை இன்றைய யந்திரங்களில் பழகியவர்களைத் திகைக்கச் செய்யும். கிராங்க் ஷாஃப்டின் பிரதான பேரிங்குகளுக்கு எண்ணெய் அழுத்தத்தோடு செல்கிறது. கனெக்டிங் ராடுகளின் அடியிலோ சிறு கரண்டிகள் இருக்கின்றன. மெதுவாக ஓடும்போது அக்கரண்டிகள் கீழ்த்தொட்டியிலுள்ள எண்ணெயை முகந்துகொள்ளும். வேகம் கூடினால், சிறு குழாய்கள் பீச்சும் எண்ணெய்த் தாரையை எதிர்கொண்டு ஏந்திக்கொள்ளும். இதனால், எண்ணெய் மானியின் முகத்தில் மொத்தமே 30 பவுண்டு வரைதான் கோடுகள் உண்டு. அதில் முள் 14, 15இல் நின்றாலே ஆரோக்கியம். இதை அறியாதவர், யந்திரம் தேய்ந்துபோயிற்றென்று கலங்கி, நன்றாயிருந்த யந்திரத்தைப் பிரித்துப் போடுவதுண்டு.

அந்த ராடுகளில் இருப்பது ‘பாபிட்’ என்னும் மிருதுவான உலோகம். வெள்ளீயத்தோடு அஞ்சனக் கல்லும் செம்பும் கலந்தது. தேய்மானம் சிறிதாயின், இடையில் வைத்த மெல்லிய ஷிம் தகடுகளில் ஒன்றை உருவிவிட்டு மறுபடி முடுக்கினால் போதும். தீய்ந்துவிட்டாலோ, பழைய உலோகத்தை உருக்கி எடுத்துப் புதிதாக வார்த்து, அளவுக்குக் கடைந்தெடுக்க வேண்டும். அந்த வித்தை அறிந்தவர்கள் அருகிவிட்டார்கள். எனவே அநேகர், 1954இல் 3100 வண்டிக்கு வந்த 235 கன அங்குல யந்திரத்தை, மாற்றக் கூடிய பேரிங்கும் முழு அழுத்த எண்ணெய் முறையும் உடையதென்று, அதன் இடத்தில் அமர்த்திவிடுகிறார்கள். தினம் ஓட்ட வேண்டியவரை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கூட்டின் துருவுக்கு வழக்கமான இடங்கள் உண்டு: பின் மூலைகள், கால் வைக்கும் தளம், ஏறு படி. துருவைப் பட்டி பார்த்து மறைப்பது ஏமாற்று. கெட்ட பாகத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதே வைத்தியம். பெட்டியின் தளம் மரத்தால் ஆனது. இன்றைய கண்காட்சிகளில் வார்னிஷ் மின்னும் ஓக் பலகைகளும் கண்ணைப் பறிக்கும் வெள்ளிப் பட்டைகளும் பரிசு வாங்குகின்றன. தொழிற்சாலை வைத்ததோ சாயம் பூசிய பைன் பலகை. கொரியப் போர்க் காலத்தில் குரோமியமும் நிக்கலும் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, மினுக்க வேண்டிய உறுப்புக்கள் சிலவும் வெறும் சாயத்தோடு வெளிவந்தன. அந்த வருஷத்து வண்டிக்கு முலாம் பூசுகிறவர், அதன் யுத்த காலத்து வறுமையைத் துடைத்துவிடுகிறார்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் சில சங்கதிகளை நினைவில் வைக்க வேண்டும். மின்சாரம் ஆறு வோல்ட்டு. பன்னிரண்டு வோல்ட்டு வண்டிக்குரிய மெல்லிய கம்பிகளை இதற்குப் பூட்டினால், யந்திரம் சோம்பல் முறித்துக்கொண்டு சுழலும். அதைக் கிளப்புவதற்கு வலது காலால் ஒரு மிதி. மழைத் துடைப்பான் யந்திரத்தின் உறிஞ்சு விசையால் இயங்குவதாகையால், மேட்டில் ஏறும்போது, அதாவது பார்வை மிக அவசியமான வேளையில், அது தயங்கித் தயங்கி நின்றுவிடும். உச்ச கியரில் சக்கரம் ஒருமுறை சுற்ற யந்திரத்தின் தண்டு 4.11 முறை சுற்றுகிறது. மணிக்கு ஐம்பது மைலுக்கு மேல் விரட்டினால் யந்திரம் முறையிடத் தொடங்கும்.

பிரேக்கைப் பற்றி மட்டும் பழமைப் பற்று வேண்டாம். நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் ஒரே உருளையிலிருந்து போவதால், ஓரிடத்தில் ஒழுகினாலும் நான்கும் கைவிடும். 1950 வரை இருந்த ‘ஹக்’ முறையை ஸ்தாபனத்தாரே 1951இல் ‘பெண்டிக்ஸ்’ முறையாக மாற்றிக்கொண்டார்கள். இரட்டை உருளை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்; கழற்றிய பழைய உறுப்பைச் சீட்டுக் கட்டிப் பெட்டியில் போட்டு, மாற்றிய தேதியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, வண்டியை விற்கும் நாளில் இரண்டையும் வாங்குகிறவரிடம் கொடுத்துவிட வேண்டும்.