கண் முந்தும், காது பிந்தும்

2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ரைமன் அரங்கில் நீல் யங் பாடினார். அப்போது அவருக்கு 59 வயது. அந்த ஆண்டுதான் மூளை ரத்தக்குழாயில் வீக்கம் இருப்பது தெரிந்து சிகிச்சை எடுத்திருந்தார். இரண்டு இரவுக் கச்சேரியை ஜோனதன் டெம்மி இயக்க, எலன் குராஸ் ஒளிப்பதிவு செய்தார். 2006இல் ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ என்ற படமாக அது வந்தது. அதில் யங் ஒரு பழைய மார்ட்டின் டி-28 கிட்டாரை வாசிப்பார். ஒருகாலத்தில் ஹாங்க் வில்லியம்ஸிடம் இருந்த கிட்டார் அது; அவரும் இதே மேடையில் பாடியவர்.

படத்தில் விரல் கம்பியைத் தொடும் கணத்திலேயே ஓசையும் பிறக்கிறது. இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். உண்மையில் இரண்டும் சேர்ந்து வர நியாயமே இல்லை.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவை ஓசை எட்டுவதற்குள் சினிமாவின் இரண்டு பிரேம்கள் ஓடிவிடும். அதனால் அங்கே கேட்கும் ஓசையைப் படத்துக்கு எடுப்பதில்லை. வாய்க்கும் கிட்டாருக்கும் பக்கத்திலேயே மைக் வைத்துத் தனியே பதிகிறார்கள். தூரத்து லென்ஸின் பார்வையும் அரையடித் தூரத்து மைக்கின் செவியும் ஒன்றாகச் சேர்கின்றன. அரங்கில் எவ்வளவு காசு கொடுத்தாலும் கிடைக்காத இருக்கை அது.

தனித்தனிக் கருவிகளில் பதிந்தால் இரண்டின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். நாளுக்கு ஒரு நொடி பிசகும் கைக்கடிகாரத்தை நல்ல கடிகாரம் என்றுதான் சொல்வோம். அதே பிசகு கேமராவில் இருந்தால் மணிக்கு ஒரு பிரேம் நழுவும். நாளுக்கு 24 மணி, நொடிக்கு 24 பிரேம். கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்துவது தற்செயல்தான். நழுவாமல் காக்க ஒருகாலத்தில் கேமராவையும் ரெக்கார்டரையும் ஒயரால் கட்டினார்கள். ஒயரை அறுத்துவிட்டது குவார்ட்ஸ் படிகம்.

சிறு பிசகை மூளை மன்னிக்கும், ஆனால் ஒருதலைப்பட்சமாக. தொலைக்காட்சிக்கான சர்வதேசப் பரிந்துரை ஒன்றின்படி, ஓசை 125 மில்லிநொடி வரை பிந்தினாலும் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. 45 மில்லிநொடி முந்தினாலே உறுத்திவிடுகிறது. ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்திருப்பவருக்கு இது புரியும். அடி கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் ‘தொப்’பென்று கேட்கும். இயற்கையில் ஓசை ஒருநாளும் ஒளியை முந்தியதில்லை. அப்படி ஒன்றைப் பழகிக்கொள்ள மூளைக்கு வாய்ப்பே வந்ததில்லை.

கருவிகளை இப்படிக் கட்டிவைக்கலாம், பாடுகிறவரைக் கட்டிவைக்க முடியுமா? முதல் இரவின் தாளம் மறுநாள் அதே வேகத்தில் வராது. ஒரு பாட்டை நூறில் ஒரு பங்கு வேகமாக வாசித்தால், பத்து நொடியில் இரண்டு பிரேமுக்கு மேல் விலகிவிடும். ஆகவே ஓர் இரவின் ஓசை மேல் மற்ற இரவின் காட்சியை ஒட்டும் படத்தொகுப்பாளர், விரலும் உதடும் தெரியாத ஷாட்டாகத் தேடிப் பிடிப்பார்: தோள், தொப்பி, பின்னால் நிற்கும் பாடகி. கண்ணிமைப்பதற்குள் ஷாட் மாறும் கச்சேரிப் படங்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். டெம்மி முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க விடுகிறார். அதனால்தான் அவர் படத்தை நம்புகிறேன்.

கம்பிக்கு வருவோம். கிட்டாரின் தடித்த கம்பி வழக்கமான சுருதியில் நொடிக்குச் சுமார் 82 முறை அதிரும். சினிமா கேமராவின் ஷட்டர் ஒவ்வொரு பிரேமுக்கும் வழக்கமாக நொடியில் 48இல் ஒரு பங்குதான் திறந்திருக்கும். அதற்குள் கம்பி ஒன்றரை முறைக்கு மேல் போய்வந்துவிடுவதால், படத்தில் நடுவே பருத்த மங்கலான பட்டையாகத் தெரிகிறது.

ரசிகர்கள் செல்போனில் எடுக்கும் வீடியோவில் வேறு கூத்து. நல்ல வெளிச்சத்தில் அதே கம்பி அலை அலையாக நெளியும். செல்போன் சென்சார் ஒரு பிரேமை ஒரே மூச்சில் எடுப்பதில்லை, மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கிறது. அடுத்த வரிக்குப் போவதற்குள் கம்பி வேறிடத்தில் இருக்கும். அந்த வெவ்வேறு கணங்களை ஒரே படமாகத் தைத்துக் காட்டுகிறது. டிரம்ஸ் குச்சி ரப்பர்போல வளைந்து தெரிவதும் இதனால்தான்.