பத்துப் பேர் தேறினால்தான் பிரார்த்தனை

சங்கரன்கோவிலில் குருவாயூர் ரயில் ஏறினால் செங்கோட்டை மலைப்பாதை தாண்டி, கொல்லம் வழியாக எர்ணாகுளம் போய் இறங்கலாம். சிவனையும் திருமாலையும் ஒரே திருமேனியில் கும்பிட்டுப் பழகிய நம்மூர்க்காரர்களுக்குக் கொச்சியின் மட்டாஞ்சேரி அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. ராஜாவின் அரண்மனை, பழயன்னூர் பகவதி கோயில், அவற்றை ஒட்டியே யூதர்களின் பரதேசி ஜெப ஆலயம். கட்டியது 1568-ல், இடம் கொடுத்தவர் கொச்சி ராஜா. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

தரையில் நீலமும் வெள்ளையுமாகச் சீன ஓடுகள், மேலே கண்ணாடி விளக்குகள். வருகிறவர்கள் பெரும்பாலும் இதோடு திருப்திப்பட்டுத் திரும்பிவிடுகிறார்கள். விசேஷமோ மாடியில் இருக்கிறது. வேதச் சுருளான தோராவை வாசிக்கும் மேடை மற்ற ஊர்களில் கீழ்க்கூடத்தில் ஒன்றுதான் இருக்கும். கேரளத்து ஜெப ஆலயங்களில் மாடியிலும் ஒன்று உண்டு, அதுவும் பெண்கள் பகுதிக்கு நேர் முன்னால். ஓய்வுநாளான சனிக்கிழமையும் பண்டிகை நாட்களிலும் சுருளை மேலே கொண்டுபோய் அங்கிருந்துதான் வாசித்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்கள் காதில் ஒரு சொல் தப்பவில்லை.

கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. ஹீப்ரு துதிகளை ஆண்களோடு சேர்ந்து வாய்விட்டுப் பாடினார்கள். வேதக் கதைகளையும் கல்யாணப் பாட்டுகளையும் மலையாளத்தில் நோட்டுப் புத்தகங்களில் எழுதி, தாயிடமிருந்து மகளுக்கு என்று கைமாற்றினார்கள். ரப்பி என்று தனிக் குருமார் கொச்சியில் இல்லாததால் படித்த பெரியவர்களே வழிபாட்டை நடத்தினார்கள்; பையன்கள் சின்ன வயதிலேயே ராகம் பிசகாமல் ஓதப் பழகினார்கள். தோராவைக் கொண்டாடும் சிம்ஹத் தோரா திருநாளில் சுருள்களைக் கையில் ஏந்தி, ஆலயத்துக்கு வெளியேயும் வலம் வருவது இந்த ஊர் வழக்கமாக இருந்தது. பக்கத்துக் கோயில் உற்சவத்தைப் பார்த்துப் பார்த்து வந்ததாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வதை நம்பத் தோன்றுகிறது.

இந்த ஆலயம் பாதுகாத்த செப்பேடும் நமக்கு நெருக்கமானது. கி.பி. 1000 வாக்கில், முசிறி என்று நாம் படித்த முயிரிக்கோட்டிலிருந்து பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர அரசர் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வழங்கியது. பல்லக்கு, குடை, பகல் விளக்கு என 72 உரிமைகள். எழுத்து, வட்டெழுத்து.

இத்தனை இருந்தும் ஜாதி உள்ளே புகுந்துவிட்டது. விடுதலை பெற்ற அடிமைகளின் வம்சத்தவரைப் பரதேசிகள் எனப்பட்ட, வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்களின் வழியினர் சமமாக உட்காரவிடவில்லை. தோராவை வாசிக்கவும் விடவில்லை. அந்த வம்சத்தில் பிறந்து, சென்னையில் சட்டம் படித்துத் திரும்பிய ஆபிரகாம் பராக் சேலம், சொந்த ஜெப ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று அவரைச் சொல்வார்கள். தடைகள் ஒரேநாளில் அல்ல, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விலகின. 1968-ல் இந்திரா காந்தி வந்து நடந்த, ஆலயத்தின் 400-வது ஆண்டு விழாவைப் பார்க்க சேலம் இல்லை. முந்தைய ஆண்டே போய்விட்டார்.

அதற்குள் ஊரும் காலியாகியிருந்தது. 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து, நெவாத்திம் போன்ற விவசாயக் கிராமங்களில் குடியேறினார்கள். வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் கூடாமல் முழு வழிபாடு நடக்காது. சுருளை எடுத்து வாசிக்கவும் முடியாது. கட்டடத்தைப் பழுதுபார்த்துவிடலாம், பத்துப் பேருக்கு எங்கே போவது? வெளிநாட்டு யூதப் பயணிகள் வந்து சேர்ந்தால்தான் எண்ணிக்கை தேறும் என்ற நிலை வந்தது. யூதத் தெருவில் எம்ப்ராய்டரி கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019-ல் 96 வயதில் காலமானார். ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணி, தலைக்குல்லா எல்லாம் அவர் கடையில் கிடைத்தன. முதுமையில் கடையையும் அவரையும் கவனித்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம்.

போகிறவர்கள் வெள்ளி பிற்பகலையும் சனிக்கிழமையையும் தவிர்த்துவிடுங்கள்; பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது. போனால் ஓடுகளைப் பார்த்த கையோடு அந்த மாடி மேடையைப் பற்றியும் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்வதில்லை.