கரண்ட் கார்: பெட்ரோல் மிச்சம் சரி, பேட்டரி செலவு?



பெரும்பாக்கம் கூட்டத்தில் ஓர் அக்கா கடன் மனு கொடுத்தார். மகன் கால் டாக்ஸி ஓட்ட கரண்ட் கார் வாங்கப் போகிறானாம். "பெட்ரோலே வேணாம், சார்ஜ் போட்டா போதும். மிச்சமாகிற காசிலேயே தவணை கட்டிடலாம்"னு சொன்னார். நாங்கள் உடனே தீர்மானம் எழுதவில்லை. எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

டாக்ஸி ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் என்றால் 12 லிட்டர், சுமார் 1,200 ரூபாய். கரண்ட் என்றால் ஏறக்குறைய 30 யூனிட். 25 நாள் ஓடினால் மாதம் 750, இரண்டு மாத பில்லில் 1,500 யூனிட். வீட்டு மீட்டரில் முதல் கொஞ்சம் யூனிட்தான் இலவசம். மேலே போகப் போக விலை ஏறும். வெளியே வேகமாக சார்ஜ் போடும் இடங்களில் இன்னும் கூடுதல். டாக்ஸிக்கு வீட்டு மீட்டரில் சார்ஜ் போடலாமா என்று ஈ.பி. ஆபீசில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எப்படிப் பார்த்தாலும் பெட்ரோலைவிடக் குறைவுதான், அதை மறைக்க வேண்டாம்.

ஆனால் எங்கே சார்ஜ் போடுவது? அக்கா இருப்பது வாரியக் குடியிருப்பில், ஏழாவது மாடி. கார் நிற்பது கீழே. மாடியிலிருந்து ஒயர் தொங்கவிடும் பேச்சே கூடாது. வீட்டு சார்ஜர் இரண்டு ஏ.சி. ஓடுகிற அளவு கரண்ட் இழுக்கும், அதுவும் ராத்திரி முழுக்க எட்டு, ஒன்பது மணி நேரம். சாதாரண பிளக்கும் எக்ஸ்டென்ஷன் ஒயரும் சூடாகி உருகிவிடலாம்.

பெரிய செலவு பேட்டரிதான். மாற்ற வேண்டி வந்தால் லட்சக்கணக்கில் ஆகும். பல கம்பெனிகள் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை கேரண்டி தருகின்றன. எட்டு வருடம் என்றதும் நமக்கு நிம்மதி. ஆனால் மாதம் 5,000 கிலோமீட்டர் ஓடும் டாக்ஸிக்கு 32 மாதத்திலேயே அந்தக் கேரண்டி முடிந்துவிடும். கடன் தவணையோ 60 மாதம்! வாடகை வண்டி என்றால் கேரண்டியே வேறு மாதிரி இருக்கலாம். இதைக் கேட்டதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அதனால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தனியாக எடுத்து வைக்கச் சொன்னோம். நாளைக்கு 200 ரூபாய். 32 மாதத்தில் 1,60,000 ரூபாய் சேரும். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான மிச்சம்.

இன்னொன்று, நம்மூர் தண்ணீர். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி இருக்கிறோம். 2015லும் 2023 டிசம்பரிலும் பட்டது மறக்குமா? இந்தக் கார்களில் பேட்டரி அடிப்பக்கத்தில் இருக்கிறது. வெள்ளத்தில் பேட்டரி கெட்டால் இன்சூரன்ஸ் பணம் தருமா என்று பாலிசியைப் படித்துப் பார்க்க வேண்டும்.

அக்கா மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வாடகை வண்டிக்கு என்ன கேரண்டி என்று எழுத்தில் வாங்கி வர மகனை அனுப்பியிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளோடு வருவார்.